முதல் பக்கம் யாருக்கு?

கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலக மேஜையில்தான் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை, 42 பக்கம். குறிச்சிப் பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சிஎன்சி லேத் வாங்கிப் போட்டு, பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்ய நினைத்த ஒரு இளைஞரின் கடன் விண்ணப்பம். முதல் பக்கத்தில் ‘எக்ஸிகியூட்டிவ் சம்மரி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே முதல் பத்தி இந்தியப் பொருளாதாரத்தின் வளர்ச்சியைப் பற்றி. இரண்டாவது பத்தி, சிறுதொழில்கள் நாட்டின் முதுகெலும்பு என்றது. மூன்றாவது பத்தியில் கோவை தென்னிந்தியாவின் மான்செஸ்டர் ஆனது. இளைஞர் நான்காவது பத்தியில்தான் வந்தார். அங்கேயும் ‘ஆர்வமும் கடின உழைப்பும் கொண்டவர்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. எவ்வளவு பணம், எதற்கு, எப்படித் திரும்பி வரும் என்று தெரிந்துகொள்ள 31ஆம் பக்கம் வரை புரட்ட வேண்டியிருந்தது.

அந்த மூன்று பத்திகள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றுகின்றன. ஊர் பெயரை மாற்றினால் திருப்பூர் பின்னலாடை நகரமாகும், சிவகாசி குட்டி ஜப்பானாகும். ஆடிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைக்கிற கட்டணத்துக்கு ஒரு அச்சு வைத்துக்கொண்டு வார்த்துத்தான் கொடுக்க முடியும். ஆனால் வங்கிக்காரர் ஒருவர், எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்திருப்பார்! கடன் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டேன். “அந்தப் பக்கத்தை நான் படிச்சதே இல்லையே” என்றார்.

முதல் பக்கம் ஏன் இப்படி வீணாகிறது? இதற்குப் பெயரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எக்ஸிகியூட்டிவ் சம்மரியை ‘நிர்வாகச் சுருக்கம்’ என்று தமிழாக்கியிருக்கிறோம். நிர்வாகம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது போல அது ஒலிக்கிறது. மூலத்தில் அந்த எக்ஸிகியூட்டிவ் படிக்கிறவர்: முழு அறிக்கையையும் படிக்க நேரமில்லாத, ஆனாலும் ஆமா, இல்லையா என்று சொல்லியே ஆகவேண்டிய ஆள். ‘முடிவெடுப்பவருக்கான பக்கம்’ என்று சொல்லியிருந்தால் குழப்பம் பாதி குறைந்திருக்கும். ‘சுருக்கம்’ என்ற சொல்லும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. அத்தியாயத்துக்கு ஒரு வரி கிள்ளி எடுத்துக் கோத்தால் சுருக்கம் ஆகிவிடும் என்று நினைத்துவிடுகிறோம். படிக்கிறவர் கேட்பதோ ஒரு கேள்விக்கான விடையை.

விடையை முதலில் சொல் என்பது மேற்கே பழைய பாடம். 1940 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டன் மீது விமானப் போர் மூண்டிருந்த நேரத்தில், பிரதமர் சர்ச்சில் தன் அரசு அலுவலகங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகளைச் சுருக்குங்கள், முக்கியமானதைச் சின்னச் சின்னப் பத்திகளில் சொல்லுங்கள், புள்ளிவிவரத்தைப் பின்னிணைப்பில் தள்ளுங்கள் என்பது அதன் சாரம். மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றிய பார்பரா மிண்டோ இதையே ஒரு முறையாக வகுத்தார். முடிவு உச்சியில், அதைத் தாங்கும் காரணங்கள் அதன் கீழே, அவற்றைத் தாங்கும் விவரங்கள் இன்னும் கீழே என்று ஒரு பிரமிடு.

நமக்கு இது எளிதில் வராது. வராததற்கு நியாயமும் உண்டு. பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதப் பழகிய நாளிலிருந்து ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிற வயது வரை நம் கை வேறு வரிசையில் பழகியிருக்கிறது. உயர்திரு ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்துவருகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். என் கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. இப்படி நிலைமையைச் சொல்லி, மனத்தை இளக்கி, கடைசிப் பத்தியில் ‘ஆகவே’ என்று கோரிக்கையை வைப்போம். எடுத்த எடுப்பில் பணம் கேட்பது நமக்கு மரியாதைக் குறைவு. மனுவுக்கு இந்த வரிசை சரி. வங்கிக்காரருக்கோ அந்த ‘ஆகவே’க்குப் பின்னால் வருவதுதான் முதலில் வேண்டும்.

சரி, முதலில் எதைச் சொல்வது? இதில்தான் உலகத்துப் புத்தகங்கள் நம்மைத் திசை திருப்புகின்றன. வணிகத் திட்டம் எழுதுவது பற்றி வந்தவற்றில் அதிகம் பேசப்படும் ஒன்று ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் சால்மன் 1997இல் எழுதிய கட்டுரை. ஆட்கள், வாய்ப்பு, சூழல், இடரும் பலனும் என்று நான்கைப் பார்க்கச் சொல்கிறார். பெரும்பாலான திட்டங்கள் எண்களுக்கு மை கொட்டுகின்றன, அறிவுள்ள முதலீட்டாளருக்கு வேண்டிய விஷயத்தை விட்டுவிடுகின்றன என்பது அவர் குறை. அருமையான கட்டுரை. ஆனால் அவர் மனத்தில் இருப்பவர் பங்கு வாங்கும் முதலீட்டாளர். பத்துக் கம்பெனியில் பணம் போட்டு ஏழு மூழ்கினாலும், ஒன்று இருபது மடங்கானால் அவர் தப்பித்துக்கொள்வார். அதனால்தான் அவர் கண் எவ்வளவு உயரம் போகும் என்பதில் இருக்கிறது. அவருக்கும் பொறுமை அதிகமில்லை. 2015இல் டாக்செண்ட் நிறுவனம் 200 ஸ்டார்ட்அப்களின் விளக்கக் கோப்புகளை ஆராய்ந்தபோது, முதலீட்டாளர்கள் ஒரு கோப்பில் செலவிட்டது சராசரியாக 3 நிமிடம் 44 வினாடி.

வங்கியின் கணக்கு வேறு. தொழில் நூறு மடங்கு வளர்ந்தாலும் வங்கிக்குக் கிடைப்பது அதே பத்தேகால், பத்தரை சதவீத வட்டிதான். தொழில் படுத்தாலோ அசலும் போகும். அப்படிப்பட்டவரிடம் ‘இந்தச் சந்தை ஐந்தே வருடத்தில் மூன்று மடங்காகும்’ என்று சொன்னால் அவர் காதில் அது பயமாகக்கூட விழலாம். அவருக்குத் தெரியவேண்டியது உயரத்தைவிடத் தரை எங்கே இருக்கிறது என்பது. எண்களுக்கு மை கொட்டாதே என்று சால்மன் முதலீட்டாளருக்காகச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறவர் எழுந்து வரவேண்டியதுதான்.

விண்ணப்பம் வங்கிக்குள் போகிற வழியைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். கிளை மேலாளருக்கு ஒரு வரம்பு வரைதான் கடன் வழங்க அதிகாரம். அதற்கு மேல் போனால் மண்டல அலுவலகமோ, சிறுதொழில் கடன்களை ஒரே இடத்தில் பரிசீலிக்கும் மையமோ பார்க்கும். அங்கே இருக்கும் அதிகாரி உங்கள் முகத்தையோ ஷெட்டையோ பார்த்தவர் இல்லை. அவர் முன் இருப்பது கீழே ஒருவர் எழுதி அனுப்பிய ‘ப்ராசஸ் நோட்’. ஆள் யார், சிபில் கடன் மதிப்பெண் எப்படி, என்ன தொழில், எவ்வளவு கேட்கிறார், சொந்தப் பணம் எவ்வளவு, ஈடு என்ன, எதை வைத்துக் கட்டுவார் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. நோட்டை எழுதும் இளம் அதிகாரிக்கு அன்றைக்கு இன்னும் ஏழெட்டு ஃபைல் காத்திருக்கும். அந்த வரிசையிலேயே முதல் பக்கம் இருந்தால் அவர் வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொள்வார். உங்கள் சொல் அவர் சொல்லாகி மேலே போகும். கையெழுத்து அவருடையது. நாளைக்கு அது வாராக்கடன் ஆனால் அந்தக் கையெழுத்தைத்தான் எடுத்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஆகவே அவர் தேடுவது தைரியமாக எழுதக்கூடிய வாக்கியங்களை. நீங்கள் இல்லாத ஒரு அறையில் உங்களுக்காகப் பேசப்போகிறவர் கையில் கொடுத்தனுப்பும் துண்டுச்சீட்டு என்று அந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டால் பாதி அலங்காரம் தானே உதிர்ந்துவிடும்.

குறிச்சி இளைஞரின் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்களை எளிமையாக்கியிருக்கிறேன். மெஷின், கம்ப்ரசர், மின் இணைப்பு, அளவுக்கருவிகள் எல்லாம் சேர்த்து 25 லட்சம். கையில் இருப்பது 5 லட்சம். கேட்கும் கடன் 20 லட்சம், பத்தரை சதவீத வட்டியில், ஐந்து வருடத் தவணையில். மாதத் தவணை ஏறத்தாழ 43,000 ரூபாய் வரும். மெஷின் மணிக்கு 350 ரூபாய் ஈட்டும் என்றும், இரண்டு ஷிப்டில் 16 மணி நேரமும் ஓடும் என்றும், மாதம் 25 நாள் என்றும் ரிப்போர்ட் போட்டிருந்தது. 400 மணி, 1,40,000 ரூபாய். இரண்டு ஆபரேட்டர் கூலி 36,000, வாடகை 8,000, கரண்டுக்கும் டூலுக்கும் மணிக்கு 60 ரூபாய் வீதம் 24,000. மிச்சம் 72,000. தவணையைப் போல 1.67 மடங்கு. வங்கியில் டிஎஸ்சிஆர் என்பார்கள். கடனைக் கட்ட வைத்திருக்கும் பணம் கட்டவேண்டியதைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் அது. பொதுவாக ஒன்றரையை ஒட்டி எதிர்பார்ப்பார்கள். ஆக, காகிதத்தில் எல்லாம் அழகு.

ஆனால் 16 மணி நேர ஷிப்டில் 16 மணி நேரமும் சிப்ஸ் கொட்டுகிற லேத்தைக் கோவையில் யார் பார்த்திருக்கிறார்கள்? புது வேலைக்குச் செட்டிங் போடவேண்டும், டூல் தேயும், முதல் பீஸை அளந்து பார்க்கவேண்டும், காஸ்டிங் வராத நாள் இருக்கும். உண்மையில் 12 மணி ஓடினால் நல்ல ஓட்டம். மாதம் 300 மணி என்று வைத்து அதே கணக்கைப் போட்டால் வரவு 1,05,000, செலவு 62,000, மிச்சம் 43,000. தவணையும் 43,000. ஒரு ரூபாய் மிஞ்சவில்லை. 42 பக்கம் முழுக்கத் தேடினாலும் இது கண்ணில் படாது. இளைஞரிடம் தொழிலைப் பத்து வரியில் சொல்லச் சொன்னபோது, ‘மெஷின் நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்’ என்ற வரியை எழுதப்போய்த்தான் அது வெளிவந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான திட்டமிடல். தவணைக் காலத்தை ஏழு வருடமாக்கினால் மாதம் ஏறத்தாழ 33,700 ஆகிறது. 300 மணி ஓட்டத்தில் 1.28 மடங்கு. இன்னொரு வாடிக்கையாளர் சேர்ந்து நாளுக்கு 14 மணி ஓடினால் 1.7. ஒரு ஷிப்டை இளைஞரே ஓட்டுவதால், கூலிக் கணக்கில் இருக்கும் 18,000 அவர் வீட்டுச் செலவுக்கு. (பல ரிப்போர்ட்டுகளில் முதலாளி காற்றைக் குடித்து வாழ்கிறார்.) பிறகு கீழிருந்து ஒரு கணக்கு: எத்தனை மணிக்குக் குறைந்தால் தவணை இடிக்கும்? மாதம் 268 மணி. நாளுக்கு 11 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். திருத்திய முதல் பக்கம் இப்படித் தொடங்கியது:

‘குறிச்சியில் வாடகை ஷெட்டில் ஒரு சிஎன்சி லேத் போட்டுப் பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யத் திட்டம். செலவு 25 லட்சம். என் பணம் 5 லட்சம். 20 லட்சம் கடனாக, 7 வருடத் தவணையில் கேட்கிறேன். இதே வகை மெஷினை 8 வருடம் ஓட்டியிருக்கிறேன். மாதம் 300 மணி நேர வேலைக்கு இரண்டு உற்பத்தியாளர்கள் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஓட்டத்தில் செலவு போக 43,000 மிஞ்சும், தவணை 33,700. ஓட்டம் நாளுக்கு 11 மணிக்குக் கீழே போனால் தவணைக்குப் போதாது. அதற்காக மூன்று மாதத் தவணையைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன்.’

இதில் தகராறுக்குரிய இடம் கடைசி இரண்டு வாக்கியம். தன் பலவீனத்தைத் தானே முதல் பக்கத்தில் எழுதுவார்களா என்று ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு வாதம் நடந்தது. எழுதவேண்டும் என்பது என் கட்சி. 16 மணி நேரக் கணக்கைத் தொழில் தெரிந்த அதிகாரி ஒரு நொடியில் பிடித்துவிடுவார். அதற்குப் பிறகு மீதிப் பக்கங்களையும் நம்பமாட்டார். தரை எங்கே இருக்கிறது என்று நீங்களே காட்டிவிட்டால் தோண்டிப் பார்க்கிற வேலை அவருக்கு மிச்சம். நோட்டில் ‘இடர்கள்’ என்ற தலைப்பில் என்ன எழுதுவது என்ற கவலையும் தீர்ந்தது. பொதுமக்களிடம் பங்கு விற்கிற கம்பெனிகளுக்கு, இடர்களைத் தாங்களே சொல்வது சட்டமாகவே இருக்கிறது. இந்தியாவில் கம்பெனிகள் சட்டம் 2013இன் 33ஆம் பிரிவின்படி பங்கு விண்ணப்பப் படிவத்தோடு சுருக்க விளக்கவறிக்கையைத் தரவேண்டும். அமெரிக்காவில் பங்குச் சந்தை ஆணையம் 1998 முதல் விளக்கவறிக்கையின் அட்டை, சுருக்கம், இடர்கள் ஆகியவற்றை எளிய நடையில் எழுத வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அப்போது வந்த கையேட்டுக்கு முன்னுரை எழுதிய வாரன் பஃபெட், தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டே ஆண்டறிக்கை எழுதுவதாகச் சொன்னார். புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் இல்லை.

மானியத் திட்டங்களுக்குப் போகும் பக்கம் இன்னொரு ரகம். மாவட்டத் தொழில் மையத்தில் இருப்பவர் தகுதியைச் சரிபார்ப்பவர். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பிஎம்இஜிபி) உற்பத்தித் தொழிலுக்கு உச்சவரம்பு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். நகரமா கிராமமா, பொதுப் பிரிவா சிறப்புப் பிரிவா என்பதைப் பொறுத்து மானியம் 15 முதல் 35 சதவீதம். தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. எந்தத் திட்டம், எந்தப் பிரிவு, எத்தனை பேருக்கு வேலை என்பவை முதல் நான்கு வரிக்குள் இருந்தால் அவர் வேலை முடிந்தது. இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: மானியத்தைக் கையில் வந்த பணமாக முதல் பக்கத்தில் காட்டுவது. பிஎம்இஜிபியில் மானியப் பணம் மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும். தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். அதை நம்பி மூலப்பொருள் வாங்கத் திட்டம் போட்டவர், படிக்கிறவருக்கு விவரம் தெரியாதவராகத்தான் படுவார். திட்ட மதிப்பு உச்சவரம்பைத் தொட்டுக்கொண்டு சரியாக 50 லட்சத்தில் நிற்பதும் அப்படித்தான். தொழிலுக்கு மானியமா, மானியத்துக்குத் தொழிலா என்று கேட்கத் தோன்றும்.

நடைமுறை மூலதனக் கடன் கேட்கும் பக்கத்துக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் நாயக் குழு வகுத்த கணக்குப்படி சிறுதொழிலுக்கு ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம் வேண்டும் என்று வைத்து, 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் உங்களுடையது. விற்பனை மதிப்பீட்டை ஊதிப் பெருக்கும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. அந்த ஊதலும் முதல் பக்கத்திலேயே தெரிந்துபோகும்.

தற்பெருமைக்கு வருவோம். ‘முன்னணி’, ‘தனித்துவமான’, ‘உலகத்தரம்’ போன்ற சொற்கள் எதையும் சொல்வதில்லை. ஆனால் தன்னடக்கம் என்று எட்டு வருட அனுபவத்தை 20ஆம் பக்கத்தில் ஒளித்து வைப்பதும் தப்புத்தான். இதற்கு நம்மிடமே ஒரு இலக்கணம் இருக்கிறது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூலின் முகவுரையான பாயிரத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று பட்டியல் போடுகிறது: செய்தவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்ல வந்த பொருள், யார் கேட்கத் தக்கவர், கேட்டால் என்ன பயன். யாருக்கு, என்ன பயன் என்ற இரண்டும் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். 42 பக்க ரிப்போர்ட்டின் முதல் தாளில் அவை இரண்டும்தான் இல்லை. எத்தனை பெரிய ஆளானாலும் தன்னைத்தானே புகழ்வது தகாது என்றும் சொல்லிவிட்டு, நன்னூல் நான்கு இடங்களில் விலக்குத் தருகிறது. முதல் இடம், அரசவைக்கு ஓலை எழுதும்போது. இரண்டாவது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவே. கடன் விண்ணப்பம் இரண்டிலும் சேர்த்தி. எட்டு வருடம் ஓட்டினேன் என்பதை முதல் பக்கத்தில் சொல்லத் தடையில்லை. சிறப்புப்பாயிரத்தை நூல் எழுதியவரே எழுதக்கூடாது, ஆசிரியரோ உடன் படித்தவரோ மாணவரோ உரைகாரரோ எழுதவேண்டும் என்றும் அது சொல்கிறது. ப்ராசஸ் நோட் எழுதும் இளம் அதிகாரிதான் நம் காலத்துப் பாயிரக்காரர்.

முதலில் எழுதுவதா கடைசியில் எழுதுவதா என்பது இந்தத் துறையின் தீராத சண்டை. கடைசியில் எழுது என்பதுதான் பெரும்பாலான பாடநூல்களின் தீர்ப்பு. திட்டம் முடியாமல் எதைச் சுருக்குவாய் என்று கேட்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். குறிச்சிக் கணக்கின் ஓட்டை பத்து வரி எழுதும்போதுதானே தெரிந்தது. முதல் நாள் ஒரு தடவை எழுதி, எந்த வரி எழுத வரவில்லை என்று பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்து, கடைசியில் திரும்ப எழுதுவது நல்லது. நீளம் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. முதல் தடவை தமிழில் எழுதவேண்டும் என்பதை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். ஆடிட்டர் பிறகு ஆங்கிலமாக்கிக்கொள்ளட்டும். காரணம் மொழிப்பற்று இல்லை. வங்கியிலிருந்து போன் வந்து, “தம்பி, இந்த வருமானம் எப்படி வருது?” என்று கேட்கும்போது, “அது ஆடிட்டரைத்தானுங்க சார் கேக்கோணும்” என்று பதில் சொன்னவர்களின் ஃபைல் எங்கே போனது என்று நண்பர் நிறையச் சொல்லியிருக்கிறார்.

இளைஞருக்கும் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எத்தனை மணி நேரம் ஓடும் என்றார் அதிகாரி. “பன்னெண்டு மணி நேரமுங்க சார். பதினொண்ணுக்குக் கீழ போனா தவணை இடிக்கும். அதுக்கு மூணு மாசப் பணம் தனியா வெச்சிருக்கேனுங்க.” அந்தப் பக்கம் பேனா ஓடுகிற நேரத்துக்கு அமைதி. பிறகு அடுத்த கேள்வி:

“சரி தம்பி. கடன் ஏழு வருஷம். ஷெட் வாடகை ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு?”

இளைஞர் ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல பதினோரு மாத ஒப்பந்தம்தான் போட்டிருந்தார்கள்.